கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்

கோபம் வந்தால் எனக்கு ஜெர்மன் மொழி நன்றாக வரும். சாதாரணமாகப் பேசும்போது எந்தச் சொல் ஆண், எந்தச் சொல் பெண் என்று தடுமாறுகிறவள், கோபத்தில் ஒரு தப்பு விடமாட்டேன். இதை முதலில் கவனித்தவர் அண்ணன்தான். ஹம் என்ற ஊரில் ரயில் மாறும்போது, டிக்கெட் சரியாக இருந்தும் அபராதம் கட்டச் சொன்ன பரிசோதகரிடம் நான் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். “அம்மிணி, உன்னைய ஒரு வேலைக்கு வெச்சுக்கலாம்னு இருக்கறேன்” என்றார். என்ன வேலை என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு என்று வந்து, ஜெர்மனியில் ரூர் என்கிற சுரங்கப் பகுதியின் ஓரத்தில் இருந்த எங்கள் ஊரில், எஃகைச் சோதிக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில் அப்படியே தங்கிவிட்டவர். நான் அறுபதுகளின் நடுவில் திருச்சியிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தேன். ஊரில் இருந்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவர்கள் சிலர், என்னைப் போல ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிலர். பெண் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் அண்ணனுடைய இரண்டு அறை வீட்டில் சாப்பாடு. அவரே சமைப்பார். எங்களில் மூத்தவர் அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அவருக்கு ஊரில் மனைவி இருந்தாள். கல்யாணம் ஆன மறு வருஷம் இவர் கப்பல் ஏறிவிட்டார். குழந்தை இல்லை. அவளை அழைத்துவர ஒவ்வொரு தடவை ஏற்பாடு செய்யும்போதும் ஊரிலிருந்து ஏதாவது ஒரு தடை வரும். அம்மா படுத்த படுக்கை, மூத்த மருமகள் போய்விட்டால் யார் பார்ப்பது? அம்மா போன பிறகு, தம்பி மனைவிக்குப் பிரசவம், யார் பார்ப்பது? இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. படித்த குடும்பம், நாலு பேருக்கு நியாயம் சொல்கிற குடும்பம். ஒரு பெண்ணைப் புருஷனிடம் அனுப்பாமல் அடுப்படியில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு நாளும் கூசவில்லை. “நீங்களாவது போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரக்கூடாதா?” என்று நான் அண்ணனிடமே சண்டை போட்டிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்குவார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, திரும்பிப் போய் அவளுக்கு ஒரு வீடு கட்டவேண்டும் என்பது. “பெருசா ஒண்ணும் வேண்டாம் அம்மிணி. அவ அடுப்பு, அவ கதவு. கதவுக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள். அது போதும்.” தம்பி வீட்டில் அவள் படுப்பது சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் இருந்த நடையில். அதற்குக் கதவே கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

முதல் முறை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மேஜைமேல் ஒரு தாள். முழுவதும் அவர் கையாலேயே எழுதிய உயில். இங்கே உயிலைத் தட்டச்சு செய்தால் செல்லாது, தலையிலிருந்து கால்வரை சொந்தக் கையெழுத்தில் இருக்கவேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அழகான ஜெர்மனில் எழுதியிருந்தார். எல்லாம் மனைவிக்கு. அதை நிறைவேற்றி வைக்கவேண்டிய பொறுப்பு எனக்கு. அந்த வேலைக்கு ஜெர்மனில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சொத்தையே பங்கு போட்டுவிடலாம். நாங்கள் எக்ஸிக்யூட்டர் என்றே சொல்லிக்கொண்டோம்.

“ஏன் நான்? டாக்டர் பட்டம் வாங்கின ஆம்பளைங்க இத்தனை பேர் இருக்காங்களே?”

“அவங்களுக்கெல்லாம் நல்ல குணம். யாராச்சும் அதட்டினா சரின்னுருவாங்க. உனக்குத்தான் கோபம் வருது.”

கடைசி வரியைப் படித்தேன். எக்ஸிக்யூட்டருக்குத் தகுந்த ஊதியம் சொத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்று இருந்தது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. “என்ன அண்ணா இது? நீங்க போனா நான் சம்பளம் வாங்கணுமா? இங்கேயே இருந்து இருந்து ஜெர்மன்காரனாவே ஆயிட்டீங்க.”

“எழுதினது எழுதினதுதான். வாங்கிக்கோணும்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் மேல் எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் அவர் வேலைக்குப் போகும் வழியில் விழுந்து இறந்துபோனார்.

தகனம் முடிந்த அடுத்த வாரமே நீதிமன்றத்தில், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற, ஆழ்ந்த மரியாதை உள்ள மனிதர். உயிலைப் படித்துக் காட்டினார். “இவ்வளவு சின்னச் சொத்துக்கு யாரும் எக்ஸிக்யூட்டர் வைப்பதில்லை” என்றார். சேமிப்பு வங்கியில் கொஞ்சம், ஆய்வுக்கூடம் கொடுக்கவேண்டிய பாக்கி, ஒரு பழைய கார், வீட்டுச் சாமான். உண்மையிலேயே சின்னச் சொத்துதான். “வாரிசு வெளிநாட்டில் இருப்பதால் யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. ஊதியமும் குறிப்பிட்டிருக்கிறார். சட்டப்படியும் உங்களுக்கு அது உண்டு.”

“எனக்கு வேண்டாம்” என்றேன்.

“யோசித்துச் சொல்லலாம். அவசரம் இல்லை.”

“யோசிக்க ஒன்றும் இல்லை. எங்கள் வழக்கத்தில் சாவு வேலைக்குக் கூலி வாங்கமாட்டோம். எழுதிக்கொள்ளுங்கள்.”

எங்கள் வழக்கத்தில் என்று நான் சொன்னது பாதிப் பொய். பறையடிக்கிறவர் வாங்குவார், விறகு அடுக்குகிறவர் வாங்குவார், மந்திரம் சொல்கிறவர் தட்சணை என்று பெயரை மாற்றி வாங்குவார். வாங்கக் கூடாதவர்கள் உற்றார் உறவினர் மட்டும்தான். நான் அந்த வரிசையில் என்னைச் சேர்த்துக்கொண்டேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். போடும்போது எவ்வளவு பெருமை எனக்கு!

பிறகு தொடங்கியது வேலை. ஆய்வகத்தில் எனக்கு இருந்த விடுமுறையெல்லாம் அதிலேயே போனது. வங்கிக்குப் போனால் வாரிசுச் சான்றிதழ் எங்கே என்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்குப் போனால் வாரிசின் திருமணச் சான்றிதழ் எங்கே என்பார்கள். ஊரையே கூட்டிப் பந்தல் போட்டு, மூன்று வேளை பந்தி நடத்திய கல்யாணத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தாசில்தாரிடம் ஒரு சான்று வாங்கி, அதை மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை குத்தி, அந்த முத்திரை உண்மையானது என்று தூதரகத்தில் இன்னொரு முத்திரை குத்தி, எட்டு மாதம் இழுத்தது. அண்ணன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ஒரு பக்கம் அறையைக் காலி செய் என்று நெருக்கினாள். சாமான்களுக்கெல்லாம் பட்டியல் எழுதவேண்டும். அரிவாள்மனையை ஜெர்மனில் எப்படி எழுதுவது? “முன்னால் உட்கார்ந்துகொண்டு பயன்படுத்தும் கத்தி” என்று எழுதினேன். இது ஆயுதமா என்று அதிகாரி கேட்டார். வெண்டைக்காய்க்கு எதிரான ஆயுதம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஊரிலிருந்து வந்த முதல் கடிதம் அண்ணனுடைய தம்பி எழுதியது. அதில் அஸ்தி எப்போது வரும் என்று கேட்கவில்லை. கணக்கு எப்போது முடியும் என்று கேட்டிருந்தது. கூடவே அதிகாரப் பத்திரம் ஒன்று. “அண்ணி எனக்கு எல்லா அதிகாரமும் கொடுத்திருக்கிறார், பணத்தை என் கணக்குக்கு அனுப்பவும்” என்று எழுதியிருந்தார். அடியில் அவள் கையெழுத்து இருந்தது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு நடையும் கதவும் தாழ்ப்பாளும்தான் ஞாபகம் வந்தன. இந்தப் பணம் தம்பி கணக்குக்குப் போனால், அவள் ஆயுளுக்கும் அந்த நடையை விட்டு எழுந்திருக்கமாட்டாள். “வாரிசின் சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி எனக்குத் தெரிவிக்கவும். வேறு எந்தக் கணக்குக்கும் அனுப்பமாட்டேன்” என்று பதில் எழுதினேன். அஸ்தி விமானத்தில் வருகிறது, யாராவது போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன்.

இதற்கிடையில் கார். அண்ணன் வீட்டில் ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட்ட நண்பர் ஒருவர், பொறியியல் ஆராய்ச்சியாளர், அதைக் கேட்டு வந்தார். விலையைச் சொன்னேன். “என்னங்க இது, மார்க்கெட் ரேட் சொல்றீங்க? அண்ணன் இருந்திருந்தா சும்மாவே சாவியைக் கொடுத்திருப்பார்” என்றார்.

“அண்ணன் இருந்திருந்தா அது அண்ணன் கார். இப்போ அவர் பெண்டாட்டி கார். அவங்க உங்களுக்குச் சோறு போட்டதில்லையே.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. காரை ஒரு ஜெர்மன் மாணவனுக்கு நியாயமான விலைக்கு விற்றேன். அதற்குப் பிறகு தமிழ்க் கூட்டங்களில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. “அவ்ளோ பேர் இருக்க, அண்ணன் ஏன் அவளைப் போட்டார்?” என்று ஒருவர் கேட்டாராம். “சம்பளமும் வேண்டாம்னுட்டாளாம். சும்மா யாராவது இவ்ளோ ஓடுவாங்களா?” என்று இன்னொருவர் கேட்டாராம். இதையெல்லாம் எனக்கு வந்து சொன்னவரும் அப்போது கூட உட்கார்ந்து காபி குடித்தவர்தான். என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள், அண்ணன் என்னைத் தங்கையாக நடத்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள், இவர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். இவர்கள் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் எதைத்தான் ஆராய்ச்சி செய்தார்களோ!

பிறகு ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து மறுபடியும் அழைப்பு. அதே அதிகாரி, அதே மரியாதை. மேஜைமேல் ஒரு மனு. எக்ஸிக்யூட்டரை நீக்கவேண்டும் என்று வாரிசு கேட்டிருக்கிறார். காரணம், இந்தப் பெண் இறந்தவருடன் தகாத தொடர்பு வைத்திருந்தவள், சொத்தை மறைக்கிறாள், இதை அங்கே உள்ள கௌரவமான நண்பர் ஒருவரே எழுதியிருக்கிறார். தம்பி ஆள் வைத்து ஜெர்மனில் எழுதிய மனு. ஆனால் அடியில் இருந்தது அவர் கையெழுத்து இல்லை. தனித்தனியாக நின்ற அந்த எழுத்துகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். யாருக்காக நான் வங்கிக்கும் தூதரகத்துக்கும் அலைந்தேனோ அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அதிகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “நான் இதைக் கேட்டே ஆகவேண்டும். மன்னிக்கவும். இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

“அவர் எனக்கு அண்ணன்.”

“ரத்த உறவா?”

“இல்லை.”

அவர் எழுதினார். பிறகு கோப்பைப் புரட்டி, நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்தார். “நீங்கள் ஊதியம் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து அந்நியர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்கிறவர்கள் குடும்பத்தார்தான். இல்லாவிட்டால்…” நிறுத்திக்கொண்டார். அந்த ‘இல்லாவிட்டால்’ என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மனுவில் அதையே ஒரு காரணமாகக் காட்டியிருந்தார்கள். கூலியில்லாமல் உழைக்கிறாள், ஆகவே வேறு வழியில் வாங்கிக்கொண்டவள்.

எனக்குக் கோபம் வந்தது. ஜெர்மனும் வந்தது. “எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன். “எனக்கு ஊதியம் வேண்டும். வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் ஊரில் ஒரு பெண் ஒரு நல்ல மனிதருக்காகச் சும்மா ஒரு வேலை செய்யமுடியாது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் ஊரிலும் முடியாது என்று இப்போது தெரிந்துகொண்டேன். நான் அவருக்குத் தங்கை என்றால் நம்பமாட்டீர்கள். வேலைக்காரி என்றால் நம்புவீர்கள் அல்லவா? வேலைக்காரி என்றே எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எவ்வளவு வாங்குவார்களோ அவ்வளவு எனக்கும் வேண்டும். ஒரு ஃபென்னிக் காசுகூடக் குறையக் கூடாது.”

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “திரும்பப் பெற்றதை எழுதிக்கொள்கிறேன். ஆனால் ஊதியத்தை நாங்கள் நிர்ணயிப்பதில்லை. வழக்கமாகப் பின்பற்றுகிற அளவு ஒன்று உண்டு. அதன்படி நீங்களே வாரிசிடம் எழுதிக் கேட்கவேண்டும்” என்றார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே எழுதினேன். தம்பிக்கு இல்லை, அவளுக்கு. தமிழில், நேராக. “உங்கள் கணவர் எனக்கு இன்ன வேலை கொடுத்தார். இவ்வளவு செய்திருக்கிறேன். இதற்கு என் கூலி இவ்வளவு. சொத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மிச்சம் முழுவதும் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே வரும்.” நலமா என்றுகூட விசாரிக்கவில்லை. கோபத்தில் எழுதிய கடிதம், மளிகைக் கடை பில் மாதிரி இருந்தது.

இது எங்கள் கூட்டத்துக்குத் தெரிந்தபோது அவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! கூலி வேண்டாம் என்றபோது சந்தேகப்பட்டவர்கள், கூலி கேட்டபோது அதிர்ச்சி அடைந்தார்கள். “செத்துப்போனவர் வீட்டுல காசு கேக்கறதா? விதவையோட பணத்துல பங்கா? சே!” கார் கேட்ட நண்பர்தான் இதில் மிகவும் மனம் நொந்தவர். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் கொடுத்த காசு எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆக, வாங்காவிட்டால் ஒரு பெயர், வாங்கினால் ஒரு பெயர். ஒரு ஆண் இதே வேலையைச் செய்திருந்தால், வாங்காவிட்டால் பெரிய மனுஷன், வாங்கினால் நியாயம்தானே என்றிருப்பார்கள். அதற்கப்புறம் நான் அந்தக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. மனு என் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் என்னை நீக்கினால் பணம் நேரே தம்பி கைக்குப் போகும். நான் செய்ததெல்லாம் அதற்காகத்தானா?

பிறகு அதிகாரி கூப்பிட்டார். ஈரோட்டு வக்கீல் ஒருவர் மூலம் அவள் கடிதம் வந்திருந்தது. அதிகாரப் பத்திரத்தை ரத்து செய்கிறேன், மனுவைத் திரும்பப் பெறுகிறேன், எக்ஸிக்யூட்டர் கேட்ட ஊதியத்தை முழுவதும் எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். கூடவே அவள் பெயரில், அவள் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. என்ன நடந்தது, யார் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள், ஏன் மனம் மாறினாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அதிகாரி கோப்பை மூடிக் கயிற்றால் கட்டினார். “உங்கள் நாட்டில் எல்லாம் நன்றாகவே முடிகிறது” என்றார்.

பணத்தை அனுப்பினேன். கூலியை எடுத்துத் தனியாக வைத்தேன். தொட மனம் வரவில்லை. அதற்கு நாலைந்து வருஷம் கழித்து ஊருக்குப் போக டிக்கெட் வாங்கவேண்டியிருந்தபோதுதான் அதை எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது, போகிறபோது ஈரோட்டில் இறங்கினால் என்ன? அவளைப் பார்த்து, ‘கையெழுத்துப் போட்டாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா’ என்று ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டால் என்ன? வழியெல்லாம் அந்தச் சண்டையைத் தமிழில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பஸ் நிறுத்தத்தில் விசாரித்தபோது, ‘ஜெர்மன்காரர் சம்சாரம் வீடா?’ என்று வழி காட்டினார்கள். தம்பி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓட்டுக் கூரை போட்ட சின்ன வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை. நல்ல கனமான வேப்பங்கதவு. நான் யார் என்று சொன்னேன். அவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கெட்டியான, பேச்சுக் குறைந்த முகம். உட்காரச் சொன்னாள். சோறு போட்டாள். நான் சாப்பிடுகிறவரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் வைக்கிற அதே பருப்பு. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

கை கழுவிவிட்டு வந்து கேட்டேன். “என்னை நீக்கச் சொல்லி ஒரு மனு வந்தது. அதுல உங்க கையெழுத்து இருந்தது. ஜெர்மன்ல எழுதினது. உங்களுக்கு என்னன்னு தெரியாமத்தானே போட்டீங்க?”

தெரியாமல்தான் போட்டேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன்.

“தெரிஞ்சுதான் போட்டேன் கண்ணு” என்றாள். “கொழுந்தனார் படிச்சுச் சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல வரவே இல்ல, இழுத்துட்டுப் போகவும் இல்ல. அங்க ஒருத்தி இருந்தா எல்லாம் சரியாப் போச்சில்ல. உங்க பேரைப் போட்டு உயில் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். காசே வேண்டாம்னுட்டாளாம்னு வேற சொன்னாங்க. அப்பறம் என்னங்க இருக்குது சந்தேகப்படறதுக்கு?”

நான் தரையிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அவரு அஸ்தி வந்துது. காவேரியில கரைச்சாங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. கல்லு மாதிரி நின்னேன். பாத்தவங்க எல்லாம் துக்கம் அடைச்சுப் போச்சுன்னாங்க. துக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆத்திரம்.”

வெளியே யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

“அப்பறம் ஒருநா கொழுந்தனார் ஒரு கடுதாசியப் பிரிச்சுப் படிச்சுட்டுக் குதிச்சாரு. ‘பாத்தீங்களா அண்ணி, இவ கூலி கேக்கறா, கூலி!’ன்னு கத்தினாரு. நான் கரண்டியக் கீழ வெச்சுட்டு, ‘கூலியா கேட்டா? நல்லாப் பாருங்க’ன்னேன். ‘ஆமா, இன்ன வேலைக்கு இன்ன கூலின்னு கணக்கு எழுதியிருக்கறா, வெக்கங்கெட்டவ’ன்னாரு. வெச்சுக்கிட்டவ கூலி கேக்க மாட்டா கண்ணு. வேலைக்கு வந்தவதான் கேப்பா. அப்ப இது அவரு வெச்ச ஆளு, எனக்காக வெச்ச ஆளு. நலமான்னு ஒரு வார்த்தைகூட இல்லாத கடுதாசி. அதப் பக்கத்து வீட்டு டீச்சரை எத்தன தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்னு தெரியுமா? அந்த நடையில உக்காந்துட்டு அன்னிக்குத்தான் அவருக்காக அழுதேன். செத்து ஒரு வருஷத்துக்கு அப்பறம். அடுத்த நா அந்த டீச்சரைக் கூட்டிட்டு நானே பேங்குக்குப் போனேன்.”

வாங்கிக்கோணும் என்று அண்ணன் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தன் ஊரைத் தெரிந்திருந்தது, தன் மனைவியைத் தெரிந்திருந்தது. நான் என் பெருமைக்காக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு கையெழுத்தால் ஒரு பெண் தன் புருஷனுக்காக ஒரு வருஷம் அழமுடியாமல் இருந்திருக்கிறாள். ஆனாலும் என் ஆத்திரம் இன்றுவரை தீரவில்லை. அவர் நல்லவர் என்பதற்கு அவர் வாழ்ந்த வாழ்க்கை போதவில்லை. நான் ஒழுக்கமானவள் என்பதற்கு என் வார்த்தை போதவில்லை. ஒரு கூலிக் கணக்குதான் எங்கள் இரண்டு பேருக்கும் சாட்சி சொல்லவேண்டியிருந்தது. இதற்கு யாரிடம் போய் எந்த மொழியில் சண்டை போடுவது?

“அந்தக் கூலியை என்ன பண்ணுன?” என்று கேட்டாள். முதல் தடவையாக என்னை ஒருமையில்.

“அதுலதான் டிக்கெட் வாங்கி இங்கே வந்தேன்.”

“அது சரி” என்று சிரித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். பாயை விரித்து, ஒரு தலையணையை எனக்குப் போட்டாள். “வெயில்ல வந்திருக்கற. செத்த நேரம் படு கண்ணு. நாம தொறந்தாத்தான் இங்க ஆராச்சும் உள்ள வர முடியும்.”